முறியாத எலும்புக்கு ஒரு கட்டு

பொன்னுரங்கத்தின் வலது கை இரண்டு ஆபரேஷன் கண்ட கை. உள்ளே ஸ்டீல் கம்பி வைத்தும் எலும்பு சேர மறுக்கிறது. முடிச்சூர் ரோட்டில் டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள், கறிக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்தக் கையில் ஓர் எலும்புகூட முறியவில்லை என்பது அவர் வீட்டு ஆட்களுக்கும், வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

தை மாதத்து விடியற்காலை ஒன்றில் பாத்ரூமில் சாய்ந்தார். பக்கவாதம். வலப்பக்கம் மொத்தமாகப் போய், பிறகு கால் மட்டும் பாதி திரும்பி வந்தது. கை வரவில்லை. நாக்கு, ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூப்பிட்ட சாட்சி மாதிரி, இஷ்டப்பட்டால் வரும், இல்லாவிட்டால் இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தம்பி வெற்றிவேல் தீர்ப்பு சொல்லிவிட்டான்.

"வாதம்னு எவனாவது வாயத் தொறந்தீங்க, தமிழினிக்கு மாப்ள கெடைக்கமாட்டான், ஆமா. ரத்தத்துலயே கீதும்பானுங்க. ஊருக்கு, அண்ணனுக்குக் கை ஒடஞ்சிபோச்சி. அவ்ளோதான் மேட்டரு."

நெல் வயலைப் பிளாட் போட்டு விற்ற குடும்பம் அது. ஒன்றை நட்டால் சுற்றுச்சுவர் எழுப்ப வேண்டும், கேட் போட வேண்டும், ஆர்ச் வைக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள். பொய்யையும் அப்படியே கட்டினார்கள். கால் இழுத்தால், அதே விழுந்ததில் முட்டி பிசகிவிட்டது. பேச்சு குழறினால், புதுப் பல்செட் இன்னும் பழகவில்லை. கை மாதக்கணக்கில் சேரவில்லையே என்று யாரோ கேட்டதும், முதல் ஆபரேஷன் நடந்தது. மறுபடி கேட்டதும் இரண்டாவது. இரண்டும் வெற்றிவேலின் வாயிலேயே வெற்றிகரமாக முடிந்தன.

சர்க்கரையையும் பிரஷரையும் மட்டும் யாரும் மறைக்கவில்லை. அந்தத் தெருவில் அவை போர்ட்டிகோவில் நிற்கும் கார் மாதிரி. இல்லாவிட்டால்தான் கௌரவக் குறைச்சல்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் மாற்றுப்பெயர் கிடைக்கவில்லை. வாதத்துக்குப் பிறகு பொன்னுரங்கத்துக்கு அழுகையும் சிரிப்பும் அதனதன் பாட்டுக்கு வந்தன. காரணம் வேண்டியதில்லை. சோப்பு விளம்பரத்துக்கு அழுவார், வருகிற தபால்காரரைப் பார்த்துச் சிரிப்பார். "மூளையில அந்த சுவிட்ச் ரெண்டும் லூஸ் ஆயிடுச்சு, மனசுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்றார் நரம்பு டாக்டர். போன வாரம் எதிர்வீட்டு எழவில் பிணத்தின் தலைமாட்டில் நின்று சிரித்துவிட்டார். மனைவி கங்கையம்மாள் சட்டென்று அவர் தலையில் துண்டைப் போட்டு மூடி, "அய்யோ, கூடப் பொறந்தவன் மாதிரி அழுவுறாரே" என்று ஒப்பாரி வைத்து இழுத்துக்கொண்டு வந்ததை நாம் பார்த்தோம்.

அந்தப் பொன்னுரங்கத்தின் வீட்டில்தான் இன்று கை நனைப்பு.

அவர்கள் பக்கத்து வழக்கம் அது. பெண் பார்க்க எத்தனை முறை வந்தாலும் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் காபிகூடக் குடிக்கமாட்டார்கள். எல்லாம் பேசி, மனசு ஒத்துப்போன பிறகு ஒரு நல்ல நாளில் வந்து சாப்பிடுவார்கள். பெண்ணின் அப்பனும் பிள்ளையின் அப்பனும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து முதல் வாய் எடுத்துவிட்டால் சம்பந்தம் கெட்டி. அந்த வாய் உள்ளே போகும்வரை எதுவும் கெட்டியில்லை.

*

காலையில் தமிழினி வெந்நீர்க் கிண்ணத்தோடு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நாவலூரில் வேலை. வாரம் முழுக்க அங்கேயே பி.ஜி.யில் தங்கிவிட்டு, சனிக்கிழமை வருவாள். வந்தால் ஞாயிறு காலை இது ஒரு வேலை அவளுக்கு. யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் கேட்கவுமில்லை. மூடிக்கிடக்கிற அந்தக் கையை வெந்நீரில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளங்கையில் சேர்ந்த அழுக்கைத் துடைத்து, நகம் வெட்டுவாள்.

"கை குடுப்பா."

பொன்னுரங்கம் இடது கையால் வலது கையைத் தூக்கி அவள் மடியில் வைத்தார். பார்சல் ஒப்படைக்கிற மாதிரி.

"வலிக்குதா?"

"இ...ல்ல."

வலித்தது. இருந்தாலும் அந்த நேரம் அவருக்குப் பிடித்த நேரம். 'மண்ணின் மைந்தர்', 'வள்ளல்' என்றெல்லாம் ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டவர். தன் பெயரில் அவென்யூவும் ஆர்ச்சும் வைத்துக்கொண்டவர். அந்த ஆர்ச்சுக்குக் கீழே கம்பு ஊன்றி நடக்கக் கூச்சப்பட்டு, அந்த எதிர்வீட்டு எழவைத் தவிரத் தெருவில் இறங்கியே நாளாகிறது. கூச்சமில்லாமல் அவர் நீட்டக்கூடிய இடம் மகளின் மடி ஒன்றுதான்.

நகம் வெட்டி முடித்து, தமிழினி தன் கைக்கு நெயில் பாலிஷ் போட ஆரம்பித்தாள். கத்திரிக்காய்த் தோல் நிறம். போட்டுக்கொண்டே இருந்தவள் அப்பாவின் சுண்டு விரலைப் பார்த்தாள். பிரஷ்ஷால் ஒரே இழுப்பு.

"ஏய்!" அந்த வார்த்தை குழறாமல் வந்தது.

"சும்மா இருப்பா. யார் பாக்கப்போறா? கட்டுக்குள்ளதானே இருக்கப் போகுது. என் கல்யாணத்துக்கு நீயும் மேக்கப் போட்ட மாதிரி இருக்கட்டும்."

அவர் சிரித்தார். இது வியாதிச் சிரிப்பில்லை, சொந்தச் சிரிப்பு. இரண்டுக்கும் வித்தியாசம் அவருக்கு மட்டும் தெரியும். வியாதிச் சிரிப்பு தொண்டையிலிருந்து வரும். இது வயிற்றிலிருந்து.

போன் அடித்தது. மாப்பிள்ளை தீனா. தமிழினி எழுந்து பால்கனிப் பக்கம் போனாள்.

"ம்... ரெடியாயிட்டே இருக்கேன்... அப்பாவா? பெயின்தான் இன்னும். அந்த ராடு செட் ஆகலன்னு சொல்றாங்க... ஆமா, செகண்ட் சர்ஜரிக்கு அப்புறமும்."

கதவு திறந்தே இருந்தது. பொன்னுரங்கத்துக்குக் கோபம் வரவில்லை. வெற்றிவேல் பொய் சொன்னால் சத்தம் கூடும், கங்கையம்மாள் சொன்னால் கண் படபடக்கும். இந்தப் பெண் எவ்வளவு அமைதியாகச் சொல்கிறது! பழகிவிட்டாள். தன் வியாதி அவளை எதில் தேறவைத்திருக்கிறது என்று நினைத்தபோது அவர் காதுமடல் சூடானது.

கங்கையம்மாள் கிரேப் பேண்டேஜோடு வந்தாள். மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வாங்கி, இப்போது பூச்சரம் கட்டுகிற லாவகத்தில் கட்டுவாள். இன்றைக்கு விசேஷம் என்பதால், கழுத்திலிருந்து கையைத் தாங்கும் துணிக்கு வேட்டிக்கரை நிறத்தில் பட்டு.

"எந்த ஊர்லயாவது ஒடஞ்ச கைக்கு மேச்சிங் பாத்துகினு இருப்பாங்களா?" என்றாள் தனக்குத்தானே. கட்டிக்கொண்டும் இருந்தாள்.

*

ஹாலில் மீட்டிங். சுவரில் பொன்னுரங்கம் யார் யாருக்கோ கை கொடுக்கிற படங்கள். எல்லாம் வலது கை.

"ணா, நான் ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத" என்றான் வெற்றிவேல், மணிக்கட்டில் பிரேஸ்லெட்டை உருட்டியபடி. "நீ மேல ரூம்ல படுத்துக்கோ. அண்ணன் மாத்திர போட்டுகினு தூங்குறாருன்னு நான் சொல்லிக்கிறேன். சம்மந்தி பக்கத்துல நான் குந்திக்கிறேன்."

பொன்னுரங்கம் சிங்கமுகம் வைத்த நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார். "நான்."

"துன்னசொல்லோ பொரை ஏறிச்சின்னா?"

"நான்."

எத்தனையோ வார்த்தைகளைக் கொண்டுபோன வாதம் அந்த ஒரு வார்த்தையை மட்டும் தொடாமல் விட்டிருந்தது.

"அது கெடக்கட்டும்" என்றாள் கங்கையம்மாள். "எடது கையால ஸ்பூன் புடிச்சி மொத வாய் எடுத்தா சம்மந்தியம்மா மூஞ்சி சுளிக்காதா? நல்ல காரியத்துக்கு சோத்துக்கைதான வேணும்?"

வெற்றிவேல் கூரையைப் பார்த்து யோசித்தான். முகம் மலர்ந்தது.

"அண்ணி! கட்ட எட்து எடது கையில போட்டுட்டா? சோத்துக்கை ஃப்ரீ ஆயிடும்ல?"

"அட, ஆமா!" என்று கங்கையம்மாள் உட்கார்ந்து பேண்டேஜின் கிளிப்பைக் கழற்றவே ஆரம்பித்துவிட்டாள்.

இரண்டு சுற்றுப் பிரித்த பிறகுதான் அவள் விரல்கள் நின்றன. வெற்றிவேல் தொண்டையைச் செருமினான். ஊரை நம்பவைத்துக் கொண்டிருந்ததில் அவர்களும் நம்பிவிட்டிருந்தார்கள். அந்தக் கை கட்டியதால் முடங்கிய கை இல்லை.

கங்கையம்மாள் தலை நிமிராமல் மறுபடி சுற்றினாள்.

பொன்னுரங்கமும் அன்று ஒரு ரகசிய ஏற்பாடு செய்திருந்தார். காலை மாத்திரைகளில் நீர் மாத்திரையை மட்டும் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்து, குரோட்டன்ஸ் தொட்டியில் துப்பிவிட்டார். அதைப் போட்டால் அடிக்கடி எழுந்திருக்க வேண்டும். பந்தியில் பாதியில் எழுந்து போகிறவனை மன்னிப்பார்கள். எழுந்து போவதற்குள் வேட்டி நனைந்துவிடுகிறவனை? மத்தியானத்துக்குள் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் தடம் விழுந்துவிட்டது. வேட்டியைத் தழைத்துவிட்டு மறைத்துக்கொண்டார். மறைப்பதில் அந்த வீட்டில் யாரும் யாருக்கும் இளைத்தவர்களில்லை.

*

கூடுவாஞ்சேரியிலிருந்து இரண்டு காரில் வந்தார்கள். தணிகாசலம் முதலில் இறங்கினார். ஜி.எஸ்.டி. ரோட்டில் சிமென்ட், கம்பி வியாபாரம். ரோட்டுக்குக் குரல் கேட்கும்படி பேசிப் பேசி, வீட்டுக்குள்ளும் அதே குரல். பின்னால் அவர் மனைவி, தாம்பாளத்தோடு. கடைசியில் தீனா, கழுத்துப் பட்டன்வரை போட்ட சட்டையோடு.

"சம்மந்தி! கையி எப்டி கீது?"

"கீ...து" என்றார் பொன்னுரங்கம்.

"பல்லு செட்டு இன்னும் செட்டாவல" என்றான் வெற்றிவேல் சட்டென்று.

"அத்த வுடு. இத்தப் பாரு." தணிகாசலம் பையிலிருந்து பச்சை நிறத்தில் ஒரு பாட்டிலை எடுத்து டீப்பாயில் வைத்தார். "எலும்புக்கட்டு வைத்தியர்கிட்ட வாங்கியாந்தது. வெடியக்காத்தால போயி கியூவுல நின்னேன். டாக்டருங்க கம்பி வெச்சி கம்பி வெச்சி பில்லு போடுவானுங்க சம்மந்தி, கம்பியப் பத்தி எங்கிட்டயேவா? சாப்ட்டு முடிச்சதும் கட்டப் பிரிச்சி நானே என் கையால ஒரு தேய் தேய்ச்சி வுட்டுட்டுப் போறேன்."

கங்கையம்மாளின் கண் படபடத்தது.

"இன்னைக்குப் பிரிக்கக் கூடாதுன்னு டாக்டரு..." என்று வெற்றிவேல் இழுத்தான்.

"நான் பிரிக்கிறேன், எவன் கேக்குறான்னு பாக்கறேன்."

கெட்ட எண்ணம் ஒரு துளி இல்லாத மனிதர் அவர். அதுதான் ஆபத்து.

பந்தி போட்டார்கள். தரையில் உட்கார முடியாதவர்களுக்கென்று மேஜை. பொன்னுரங்கம், அடுத்து தணிகாசலம், அதற்கடுத்து தீனா. எதிரே சம்பந்தியம்மாவும் வெற்றிவேலும். தமிழினி பாயச வாளியோடு நின்றாள்.

பொன்னுரங்கம் தன் இலையைப் பார்த்தார். கீரைக்கூட்டு. சர்க்கரை டாக்டர் தினம் சாப்பிடச் சொன்னது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்தவர் தொடாதே என்றது. ஊறுகாய், அப்பளம், கிட்னி டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றவை. வாளியில் காத்திருந்த பாயசம், யாருமே சம்மதிக்காதது. சாதாரணத் தண்ணீர் குடித்தால் மூச்சுக்குழாயில் போய்விடும் என்று நரம்பு டாக்டர் மாவு கலந்து கெட்டியாக்கித் தரச் சொல்லியிருந்தார். அது வெள்ளி டம்ளரில் கஞ்சி மாதிரி அசையாமல் நின்றது. நாலு டாக்டர்களும் சேர்ந்து உட்கார்ந்தால் அந்த இலையில் மிஞ்சுவது இலைதான்.

"இன்னா சம்மந்தி, அதுக்குள்ள பாயசமா?" என்று டம்ளரைப் பார்த்துக் கேட்டார் தணிகாசலம்.

சோறு விழுந்தது. சாம்பார் விழுந்தது. கங்கையம்மாள் வடை வைத்தாள்.

வடையைப் பார்த்ததும் பொன்னுரங்கத்துக்கு அழுகை வந்தது.

ஏன் என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. வடையின்மேல் அவருக்கு எந்த வருத்தமும் இல்லை. தொண்டை தானாக இறுகியது, தோள் குலுங்கியது, கண்ணீர் சாம்பாரில் சொட்டியது. நிறுத்த நிறுத்த இன்னும் வந்தது.

கங்கையம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். வெற்றிவேல் துண்டைத் தேடினான்.

ஆனால் எதிரே சம்பந்தியம்மா மூக்கை உறிஞ்சினாள். "பொண்ணப் பெத்தவங்க மனசு பாருங்களேன். எலையில கை வெக்கறதுக்கு முன்னாடியே உருகுறாரு. இப்டி ஒரு அப்பன் கெடைக்க அந்தப் பொண்ணு குடுத்து வெச்சிருக்கணும்."

"மனுசன்யா!" என்றார் தணிகாசலம்.

வெற்றிவேலின் தோள்கள் இறங்கின. பொன்னுரங்கத்துக்குக் கூசியது. மகளுக்காக அவர் நிஜமாகவே அழுத நாட்கள் உண்டு. அப்போதெல்லாம் "வியாதி, வியாதி" என்று முகத்தைத் துடைத்துவிட்டார்கள். இப்போது வடைக்கு அழுகிறார், பாசம் என்கிறார்கள். வராத பாசத்துக்கு மரியாதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தணிகாசலம் சோற்றைப் பிசைந்தார். கவளம் உருட்டினார். உடனே வாயில் போட்டிருந்தால் இந்த அத்தியாயத்துக்கு வேலை இருந்திருக்காது. ஆனால் சம்பந்தி அழுததில் அவருக்கும் ஏதோ கிளம்பிவிட்டது.

"எங்க அண்ணன் இருந்திருந்தா இந்த எலையில அவருதான் குந்தியிருப்பாரு சம்மந்தி. தீனாவத் தோள்ல தூக்கி வளத்தவரு. போன வருசம் ஆடில, கடையில பேசிகினே இருந்தாரு, அப்டியே சாஞ்சிட்டாரு. தண்ணி குடுக்கறதுக்குள்ள..." குரல் உடைந்தது. "தண்ணி குடுக்கறதுக்குள்ள போய்ட்டாரு."

பொன்னுரங்கத்தின் தொண்டைக்குள் ஏதோ புரண்டது. வேண்டாம் என்று பல்லைக் கடித்தார். நாற்காலியை அழுத்தினார்.

சிரிப்பு வந்துவிட்டது.

சின்னச் சிரிப்பில்லை. கண்ணில் இன்னும் அழுகைத் தண்ணீர் காயாமலிருக்க, வாய் ஒரு பக்கம் கோண, ஹா ஹா என்று ஹாலே அதிர்கிற சிரிப்பு. உள்ளே அவர் தணிகாசலத்தின் அண்ணனுக்காக நெஞ்சு வலிக்க உட்கார்ந்திருந்தார். வெளியே அவருடைய வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

தணிகாசலத்தின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

"இன்னா சம்மந்தி?"

சிரிப்பு.

"எங்க அண்ணன் செத்தது உனுக்கு சிரிப்பா கீதா?"

"அது ஒண்ணியும் இல்ல, அந்த வலி மாத்திர கொஞ்சம் பவரு..." வெற்றிவேல் எழுந்தான். "சிரிப்பு காட்டும்னு டாக்டரே..."

"மாத்திர துன்னா எழவுக்கு சிரிப்பானா?" தணிகாசலம் கவளத்தை இலையில் போட்டார். நாற்காலி பின்னால் கிறீச்சிட்டது. "போன வாரம் உங்க எதிர்வூட்டு எழவுல சிரிச்சாருன்னு எவனோ சொன்னான். நான் நம்பல. எய்ந்திருடா தீனா. பணத்திமிரு புடிச்ச வூட்ல நமக்கு இன்னா வேல?"

தீனா எழவில்லை. தமிழினியைப் பார்த்தான். தமிழினி வாளியைப் பார்த்தாள்.

அப்போதுதான் பொன்னுரங்கம் குனிந்து வலது கையின் பேண்டேஜில் வாய் வைத்தார். பல்லால் கிளிப்பைப் பிடுங்கினார். இடது கையால் இழுத்தார். கங்கையம்மாள் "இன்னாங்க, வாணாங்க" என்று வருவதற்குள் பேண்டேஜ் சுற்றுச் சுற்றாகக் கழன்று, பட்டுத்துணியோடு சாம்பாரில் விழுந்தது. வெளியே வந்த கையைத் தூக்கி, தணிகாசலத்தின் இலையோரத்தில் வைத்தார்.

தழும்பில்லை. தையலில்லை. வெளுத்து, மெலிந்து, குழந்தையின் கை மாதிரி மூடிக்கிடந்தது.

"வா...தம்" என்றார். சிரிப்பு அடங்கிக் கொண்டிருந்தது. "ஒடை...யல. சிரிப்பும்... அதான். மன்னி...க்கணும்."



"எப்போலேர்ந்து?" என்றார் தணிகாசலம்.

"தைலேர்ந்து" என்றாள் கங்கையம்மாள், முந்தானைக்குள்ளிருந்து.

"அப்போ ரெண்டு ஆபரேசனு?"

வெற்றிவேல் தன் போனைப் பார்த்தான். யாரும் கூப்பிடவில்லை.

"கியூவுல நின்னேன்யா நானு!" தணிகாசலம் பச்சை பாட்டில் இருந்த பக்கம் கையை நீட்டினார். "வெடியக்காத்தால போயி நின்னேன்! என்ன இன்னான்னு நெனச்சிகினு கீறீங்க நீங்கள்லாம்?"

அவர் பார்வை சுற்றிச் சுற்றி, பாயச வாளியில் வந்து நின்றது.

"நீ சொல்லும்மா. படிச்ச பொண்ணு. பெரியவங்க பொய் சொல்லுவாங்க, எங்களுக்கும் தெரியும், நாங்களும் சொல்லுவோம். ஆனா நீ இவனோட வாழப்போறவ. உனுக்குத் தெரியுமா? தெரிஞ்சிகினேதான் எம் புள்ளகிட்ட மறச்சியா?"

தீனா நிமிர்ந்தான். அவனுக்கும் அதே கேள்விதான்.

தமிழினியின் உதடு ஒருமுறை திறந்து மூடியது. பொன்னுரங்கம் அவளையே பார்த்துக் கொண்டிருந்தார். சொல்லிவிடு தாயி என்று சொல்ல நினைத்தார். நாக்கு வரவில்லை.

"எனக்குத் தெரியாது மாமா."

வாளியிலிருந்த கரண்டி விளிம்பில் இடித்துச் சத்தம் போட்டது.

"நான் வீக்டேஸ் எல்லாம் நாவலூர்ல பி.ஜி.யிலதான் இருக்கேன். எங்கிட்டயும் ஃபிராக்சர்னுதான் சொன்னாங்க. கட்டு எப்பவும் போட்டேதான் இருக்கும். நான்... நான் பிரிச்சுப் பாத்ததில்ல."

அமைதியான குரல். படபடப்பில்லாத கண்.

பொன்னுரங்கத்துக்கு அந்தக் கையில் வலி தெரியும், சூடு தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் அவள் பிரித்துத் துடைத்த உள்ளங்கை இப்போது சுட்டது.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"அதுக்குத் தெரியாது" என்றார். "நான்தான் சொல்ல வேணாம்னேன்."

அன்று அவர் நாக்கிலிருந்து ஓர் எழுத்தும் குழறாமல் வந்து விழுந்த முழுப் பேச்சு அது ஒன்றுதான். உண்மையைத் தட்டுத் தடுமாறிச் சொன்ன வாய், பொய்யை வழுக்கிக்கொண்டு சொன்னது.

தணிகாசலம் நின்றபடியே யோசித்தார். வியாபாரி. எழுந்து போனால் கூடுவாஞ்சேரியில் என்ன சொல்வது? சம்பந்தம் பேசுகிற வீட்டில் வாதமா எலும்புமுறிவா என்றுகூடத் தெரியாமல் எண்ணெய் வாங்கிக்கொண்டு போன கதையையா? கடையில் உட்கார முடியுமா? அவர் மனைவி எதிரிலிருந்து கண்ணால் 'உக்காருங்க' என்றாள்.

உட்கார்ந்தார்.

"பொண்ணு மேல தப்பில்ல" என்றார், ஹாலுக்குப் பொதுவாக. பிறகு பொன்னுரங்கத்தின் பக்கம் சாய்ந்து, தன் ஆயுளிலேயே முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா ஒண்ணு சம்மந்தி. எங்க சைடு ஆளுங்களுக்கு இது தெரிய வாணாம். கேட்டா கை ஒடஞ்சிதுன்னே சொல்லிக்கலாம். வெளிய கார்ல ரெண்டு பேரு குந்திகினு கீறானுங்க, எங்க பங்காளிங்க, கையலம்பிகினு இப்போ உள்ள வருவானுங்க. கட்ட எட்து மறுபடி கட்டிக்கோ."

கவளத்தை உருட்டினார். வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார்.

சம்பந்தம் கெட்டி.

வெற்றிவேல் மூச்சு விட்டான். சம்பந்தியம்மா சிரித்தாள். பொன்னுரங்கம் இடது கையால் ஸ்பூனை எடுத்து, ஒரு பருக்கைச் சோற்றை வாயில் வைத்தார். அது தொண்டைக்குழியில் நின்றது. டாக்டர் சொன்ன காரணத்தால் இல்லை.

கங்கையம்மாள் சாம்பார் சொட்டுகிற பேண்டேஜை எடுத்து, முந்தானையில் ஒற்றி, அவர் கையைத் தூக்கிப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தாள். மணிக்கட்டு. உள்ளங்கை. கட்டைவிரல்.

தணிகாசலத்துக்கு அப்புறம் உட்கார்ந்திருந்த தீனா அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாவம் பார்க்கிற பார்வையாகத்தான் இருந்தது முதலில். பிறகு பார்வை ஓரிடத்தில் நின்றது. சுத்தமாக வெட்டிய நகங்கள். சுண்டுவிரலில் கத்திரிக்காய்த் தோல் நிறத்தில் ஒரு தீற்றல்.

அவன் கண் அங்கிருந்து மெதுவாக எழுந்து, பாயச வாளியின் பிடியைப் பற்றியிருந்த விரல்களுக்குப் போயிற்று. ஒவ்வொரு நகமாக.

பொன்னுரங்கம் கண்டுகொண்டார். வலது கையை இழுக்கப் பார்த்தார். அது யாருடைய கையோ போல மேஜைமேல் கிடந்தது. ஸ்பூனைப் போட்டுவிட்டு இடது கையை நீட்டி அந்தச் சுண்டுவிரலைப் பொத்தினார். அவசரத்தில் தண்ணீர் டம்ளர் சாய்ந்தது. உள்ளே இருந்தது சிந்தவில்லை, விளிம்புவரை வந்து அங்கேயே நின்றது.

"இன்னாங்க, கைய எடுங்க, கட்ட வேணாமா?" என்றாள் கங்கையம்மாள்.

அவர் எடுக்கவில்லை.

"பாயசம் ஊத்தும்மா மாப்ளைக்கு" என்றார் தணிகாசலம், பழைய குரலில்.

தமிழினி வாளியோடு வந்து தீனாவின் பக்கத்தில் குனிந்தாள். அவன் இலையில் சோறு வைத்தபடியே இருந்தது, கை படாமல்.